டீச்சருக்கு அனுப்பிய பாட்டுகள்

எனக்கு இங்கிலீஷ் பாட்டு தெரியும் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கடைப் பலகையில் இருக்கிற இங்கிலீஷையே இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். படிப்பு நின்றதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. முழுப் பரீட்சைக்குப் போகிற வழியில் கேஸை அணைத்தேனா என்று சந்தேகம் வந்தது. திரும்பி ஜீவனஹள்ளியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கே ஓடினேன். அணைத்துத்தான் இருந்தது. மறுபடி கிளம்பிப் பாதி தூரம் போனதும், கதவைப் பூட்டினேனா என்று சந்தேகம். மூன்றாவது தடவை போகும்போது பரீட்சை முடிந்து பிள்ளைகள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வெட்கப்பட்டு நின்றுவிட்டேன். அவ்வளவுதான் என் படிப்பு.

பதினாறு வயதில் கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு கேசட் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி ஒரு சட்டம் வைத்திருந்தார். கடையில் எப்போதும் பாட்டு ஓட வேண்டும், ஆனால் விற்கிற கேசட்டைப் போட்டுத் தேய்க்கக் கூடாது. விற்காததைத்தான் போட வேண்டும். ஆக, கடைக்குள் கால் வைக்கிறவர்கள் முதலில் கேட்பது யாருமே வாங்காத பாட்டாக இருக்கும். யோசித்தால் பைத்தியக்காரத்தனம்தான். முதலாளியிடம் யார் போய்ச் சொல்வது?

விற்காதது ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்தது. வெளிநாட்டுக்குக் குடிபோன யாரோ மொத்தமாகத் தள்ளிவிட்டுப் போனது. பெட்டி மேல் மார்க்கரில் எஸ், கே, ஏ என்று மூன்று எழுத்து. அந்த மனுஷரின் இனிஷியல் என்றுதான் ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு வகைப் பாட்டின் பெயர், ஸ்கா என்று சொல்ல வேண்டும் என்று அப்புறம் ஒரு காலேஜ் பெண் சொல்லித்தான் தெரியும். பெட்டியில் பாதி ஸ்கா, பாதி பங்க். பாடுகிறவர்கள் பெயர் எனக்கு இன்றுவரை சரியாக வாயில் வராது. அட்டைப் படம்தான் அடையாளம். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டது, தொப்பிக்காரன் குதிக்கிறது, கிழிந்த கோட்டு போட்டவள் முறைக்கிறது. நாலு வருஷம் நான் கேட்டதெல்லாம் அந்தப் பெட்டிதான்.

ஸ்கா எப்படி இருக்கும் என்று கேட்டால் இப்படித்தான் சொல்வேன். ஒரு பாட்டுக்குக் கை தட்டிப் பாருங்கள். கை சேர்கிற இடத்தில் நமக்கு அடி. ஸ்காவில் கிடார் அங்கே வராது. கை விரிகிற இடத்தில் வந்து சக்கென்று வெட்டிவிட்டுப் போகும். அதனால் கேட்கிறவளுக்குக் கால் தரையில் நிற்காது. கூடவே டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் எல்லாம் வரிசையாக ஊதும். பங்க் வேறே. அது நேராக வந்து கத்தும், ரெண்டு ரெண்டரை நிமிஷத்தில் முடிந்துவிடும். என்னைப் போல ஓயாமல் கவலைப்படுகிறவர்களுக்கு மெதுவான பாட்டு ஆகாது. அதில் இடைவெளி ஜாஸ்தி. கேஸ், பூட்டு, அம்மாவின் ரத்தக்கொதிப்பு எல்லாம் அந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்குள் ஓடுகிற வேகத்திலேயே வெளியேயும் ஒன்று ஓடினால்தான் என் நெஞ்சு கொஞ்சம் அடங்கும்.

கேசட் கடை மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது. இப்போது அடுகோடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். ஜீவனஹள்ளியிலிருந்து தினம் ரெண்டு பஸ். பழைய பாட்டுகளை எல்லாம் போனில் அட்டைப் படம் பார்த்தே தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். மெஷின் ஓடும்போது சின்னச் சத்தத்தில் அதுவும் ஓடும்.

டீச்சர் முதலில் வந்தது ஒரு மழைக்கால மத்தியானம். பக்கத்துத் தெருவில் லேத் பட்டறைக்கு மேலே ஒற்றை அறையில் தனியாகக் குடியிருந்தாள். நர்சரிப் பள்ளிக்கூடத்தில் வேலை. என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவள். குடும்ப கோர்ட்டில் போடுகிற மனு, அறுபது பக்கத்துக்கு மேலே, மூன்று செட் வேண்டும் என்றாள். எடுத்து முடித்து எண்ணினேன். திரும்ப எண்ணினேன். மூன்றாவது தடவை ஆரம்பித்தபோது அவள் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

"அக்கா, நீங்க எண்ணி முடிக்கறதுக்குள்ள ஜட்ஜ் ரிட்டையர் ஆயிடுவார்."

"ஒரு பக்கம் விட்டுப்போச்சுன்னா உனக்குத்தானேம்மா கஷ்டம்."

"அதுல இருக்கற அத்தனை பக்கமும் கஷ்டம்தான். ஒண்ணு கொறைஞ்சா நல்லதுதானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். அப்புறம் தலையைச் சாய்த்து என் போனில் ஓடுவதைக் கேட்டாள்.

"இதென்னக்கா பாட்டு? கல்யாண பேண்டுக்குப் பேய் புடிச்ச மாதிரி இருக்கு?"

"ஸ்கா."

"இங்க அடுகோடியில ஸ்காவா!"

"அடுத்தது வர்றது பங்க்."

"எது, பெட்ரோல் பங்க்கா?"

மழை விடுகிறவரை நின்றாள். போகும்போது, "அந்தப் பேயை இன்னொரு தடவை போடுங்க" என்றாள். போட்டேன். ஈரக் குடையால் தரையைத் தட்டிக்கொண்டே கேட்டாள். தட்ட வேண்டிய இடத்தில் தட்டாமல், சரியாக அதற்கு அடுத்த இடத்தில் தட்டினாள். சொல்லிக்கொடுக்காமலே வந்தது அவளுக்கு.

அதற்கப்புறம் பள்ளிக்கூடம் விட்டதும் கடைப்பக்கம் வந்துவிடுவாள். மாசம் திரும்புவதற்குள் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. நான் மட்டும் டீச்சர் என்றே கூப்பிட்டேன். அவளுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். இருபது வருஷமாக நான் அர்த்தம் தெரியாமல் வெறும் சத்தமாகவே கேட்டுக்கொண்டிருந்த பாட்டுகளுக்கு அவள்தான் அர்த்தம் சொன்னாள்.

"அக்கா, இவன் அழறான்க்கா. வேலை போச்சாம், பொண்டாட்டி போயிட்டாளாம், நாயும் போயிடுச்சாம். பின்னாடி டிரம்பெட்காரன் மட்டும் சாப்பாட்டுக்கு வந்தவன் மாதிரி ஜாலியா ஊதறான்."

அவளுக்கு ஐந்து வயசில் ஒரு பெண் குழந்தை. புருஷனோடு பிரிந்தபோது அவன் குழந்தையை மல்லேஸ்வரத்தில் தன் அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அங்கேதான் அவனும் இருக்கிறான். அந்த நாத்தனார்தான் குழந்தைக்கு எல்லாம். கோர்ட்டு கேஸ் முழுக்க அந்தக் குழந்தைக்காகத்தான். தினம் சாயங்காலம் பத்து நிமிஷம் போனில் பேச விடுவார்கள். ஒருநாள் டீச்சர் போனில் சார்ஜ் இல்லை என்று என் போனிலிருந்து பேசினாள். குழந்தை ஏதோ ரைம்ஸ் சொன்னது. இவள் இந்தப் பக்கம் கவுண்டரைத் தட்டிக்கொண்டே கூடச் சொன்னாள். அவள் போனதும் அந்த நம்பரை 'டீச்சர் பாப்பா வீடு' என்று சேவ் செய்துவைத்தேன். எதற்கு என்றால், எதற்காவது வேண்டியிருக்கும் என்றுதான். நான் எல்லா நம்பரையும் சேவ் செய்கிற ஆள்.

ஒரு சனிக்கிழமை, கடையில் கூட்டமே இல்லை. ரெண்டு பேரும் ஒரே டப்பாவில் சித்ரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். திடீரென்று அவள் சொன்னாள்.

"பாப்பாவை அவங்க கூட்டிட்டுப் போனாங்கல்ல, அந்த வாரம் நான் மாத்திரை சாப்பிட்டுட்டேன்க்கா. நெறைய. சாப்பிட்டதும் பயந்துட்டேன். நானே ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன்."

என் கையில் இருந்த சோறு அப்படியே நின்றது.

"யாருக்கும் தெரியாது. வக்கீலுக்கே தெரியாது. தெரிஞ்சா பாப்பா எனக்குக் கெடைக்காது. உன்கிட்டதான் சொல்றேன். இனிமே பண்ண மாட்டேன், சத்தியம். ஏன் அப்படிப் பாக்கற? சாப்பிடு."

நான் சாப்பிட்டேன். ஆனால் அந்த வார்த்தை அன்றைக்கே என் நெஞ்சில் வந்து குந்திவிட்டது. கேஸ், பூட்டு எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. திங்கட்கிழமை அவளிடம், "காலையில ஆறரைக்கு ஒரு பாட்டு அனுப்பறேன். கேட்டுட்டு எந்த இடம் புடிச்சிருந்துச்சுன்னு வாய்ஸ்ல சொல்லணும்" என்றேன்.

"ஹோம்வொர்க்கா? டீச்சருக்கே?" என்றாள். முகம் அப்படி மலர்ந்தது.

ஏன் என்று நான் சொல்லவில்லை. என்னவென்று சொல்வேன்? நீ காலையில் எழுந்திருக்கிறாயா என்று தெரிய வேண்டும் என்றா?

ஏழெட்டு மாசம் தினம் ஆறரைக்குப் பாட்டு போயிற்று. முதலில் ஒரு டிக், உடனே ரெண்டாவது, கொஞ்ச நேரத்தில் ரெண்டும் நீலம். ஏழுக்குள் அவள் குரல். தூக்கக் கலக்கத்தில், பின்னால் குக்கர் விசில் அடிக்க, "அக்கா, அந்த டிராம்போன்காரனுக்குச் சளி புடிச்சிருக்கு, ஆனா நல்லா இருக்கு" என்பாள். "இன்னைக்கு வக்கீலைப் பாக்கப் போறேன், ஸ்கா வேணாம், ஒரு பங்க் அனுப்பு" என்று கேட்டு வாங்குவாள். நர்சரிப் பிள்ளைகளுக்கு அந்தத் தாளத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டாள். "இப்ப எல்லாம் ரைம்ஸ் சொல்லும்போது தப்பான எடத்துல குதிக்குதுங்கக்கா. ஹெட்மிஸ் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க, தாளம் வராத பேட்சான்னு." நாலைந்து தடவை என்னிடமே கேட்டாள், நீ ஏன் இதை முன்னாடியே யாருக்கும் சொல்லல, இவ்வளவு நல்ல பாட்டையெல்லாம் தனியாவா கேட்டுட்டு இருந்தே என்று. இருபது வருஷத்தில் நான் கேட்கிற பாட்டைப் பற்றி என்னிடம் பேசிய ஒரே ஆள் அவள்தான்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அவள் குரல் வந்ததும், உயிரோடு இருக்கிறாள் என்று மூச்சு விடுவேன். அவள் சொல்வதைப் பாதி கேட்டும் கேட்காமலும் பஸ்ஸுக்கு ஓடுவேன். சில நாள் அனுப்புகிற பாட்டை நானே கேட்டிருக்க மாட்டேன். கைக்குக் கிடைத்ததைத் தள்ளிவிடுவேன். "அக்கா, இதைச் செவ்வாய்க்கிழமையே அனுப்பினே" என்று ஒருநாள் சொன்னாள். "நல்ல பாட்டு, ரெண்டு தடவை கேளு" என்று சமாளித்தேன். நம்பினாள். ரெண்டு தடவை கேட்டிருப்பாள்.

கோடை லீவில் ஒரு புதன்கிழமை. ஆறரைக்கு அனுப்பினேன். ஒரு டிக். ஏழு. ஒரு டிக். போன் போட்டேன், சுவிட்ச் ஆஃப். லீவுதானே, தூங்குவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே குளித்தேன். எந்த பஸ்ஸில் ஏறினேன் என்று நினைவில்லை. ஒன்பது மணிக்குள் அவள் வீட்டு மாடிப்படியில் நின்றேன். அந்தக் கதவுக்குத் தானே பூட்டிக்கொள்கிற பூட்டு. இழுத்துச் சாத்தினால் போதும். உள்ளே ஆள் இருக்கிறதா, வெளியே போயிருக்கிறதா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. தட்டினேன். கூப்பிட்டேன். கீழே போய்க் கடையைத் திறந்தேன். ரெண்டு பேருக்கு ஆதார் காப்பி எடுத்துக் கொடுத்தேன். மறுபடி மேலே ஓடினேன். பத்தேகாலுக்கு வீட்டுக்காரம்மா வந்துவிட்டார்.

"ஏனாயித்தம்மா? யாக்கே இஷ்டு கூகாடுத்தியா?"

ஏன் இப்படிக் கத்துகிறாய் என்று கேட்கிறார். லேத் பட்டறையிலிருந்து ரெண்டு பேர் படியேறி வந்தார்கள். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. எனக்கு வாய் நிற்கவில்லை. கதவை உடைங்க, அவ முன்னாடியே ஒரு தடவை மாத்திரை சாப்பிட்டவ, சீக்கிரம் என்று தமிழிலும் கன்னடத்திலும் கத்தினேன். வீட்டுக்காரம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பட்டறைக்காரர் உளியும் சுத்தியும் எடுத்துவரக் கீழே ஓடினார்.

அந்த இடைவெளி ரெண்டு நிமிஷம் இருக்குமா? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த ரெண்டு நிமிஷத்தில் நான் 'டீச்சர் பாப்பா வீடு' நம்பருக்குப் போன் போட்டேன். குழந்தையிடமாவது நேற்று பேசியிருப்பாளா, ஏதாவது சொல்லியிருப்பாளா என்று கேட்கத்தான். நாத்தனார்தான் எடுத்தார். குரலைத் தாழ்த்தி, "யாரு?" என்றார்.

"நான் டீச்சரோட சிநேகிதிங்க. அடுகோடியிலேருந்து. அவ கதவைத் தொறக்க மாட்டேங்கறா. மறுபடியும் மாத்திரை கீத்திரை சாப்பிட்டுட்டாளோன்னு பயமா இருக்குங்க."



"மறுபடியும்னா?" என்றார் அவர். "இதுக்கு முன்னாடி எப்ப?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். எந்த மாசம், எந்த வாரம், எந்த ஆஸ்பத்திரி. கேட்கக் கேட்கச் சொன்னேன். சொன்னால் ஏதோ உதவி கிடைக்கும் என்பதுபோல.

"அவ இங்கதான் இருக்காம்மா" என்றார் கடைசியில். "கோர்ட்டுல. சமரசம் பேச மீடியேஷன் ரூம்ல உக்காந்திருக்கா. நான் வெளியில நிக்கறேன்."

போனை வைத்துவிட்டார். எனக்குப் பின்னால் பூட்டு உடைந்து கதவு திறந்தது. உள்ளே படுக்கை மடித்து வைத்திருந்தது. கழுவிய டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. நாற்காலியில் ரெண்டு புடவை, எதைக் கட்டிக்கொண்டு போவது என்று எடுத்துப் பார்த்துவிட்டு விட்டுப்போனது. வேறு ஒன்றும் இல்லை.

உடைந்த கதவைச் சாத்த முடியாது. அதனால் படியிலேயே உட்கார்ந்திருந்தேன், கடைக்குக்கூடத் திரும்பிப் போகவில்லை. ரெண்டு மணி சுமாருக்கு அவள் வந்தாள். புதுப் புடவை. படி முழுக்க மரத்தூள். என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். எனக்குப் பக்கத்தில், ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"எல்லாம் பேசி முடிஞ்சிருச்சுக்கா" என்றாள். "ஜூன்லேருந்து பாப்பா என்கிட்ட. சனி ஞாயிறு அவங்ககிட்ட. அவன் சரின்னுட்டான். டைப் பண்ணிக் கொண்டுவந்து வெச்சாங்க. பேனாவைத் தொறந்துட்டான். அப்ப அவங்க அக்கா உள்ள வந்து அவன் காதுல ஏதோ சொன்னாங்க. பேனாவை மூடிட்டான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல டீச்சர்? இன்னைக்குக் கோர்ட்டுன்னு ஒரு வார்த்தை..."

"சொல்லலாம்னுதான் நெனச்சேன். சொன்னா நீ மூணு தடவை போன் பண்ணுவ. உன் பயம் எனக்கும் ஒட்டிக்கும். இன்னைக்கு ஒரு நாள் பயப்படாம போகணும்னு இருந்துச்சு. அதான் ராத்திரியே போனை அணைச்சுட்டுப் படுத்தேன்."

கீழே லேத் ஓட ஆரம்பித்தது. மன்னிப்பு கேட்டேனா, அழுதேனா, சரியாக ஞாபகம் இல்லை. ஏதோ உளறியிருப்பேன். காலையில பாட்டுக்குப் பதில் வரல, அதான் பயந்துட்டேன் என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அதுக்குத்தான் அனுப்பினியா? தெனமும்? நான் இருக்கேனான்னு பாக்கவா?"

நான் படியில் கிடந்த மரத்தூளை விரலால் ஒதுக்கினேன்.

"நான் பாட்டுன்னு நெனச்சேன்க்கா" என்றாள். "எனக்கு ஒருத்தி காலையில எழுந்திரிச்சு, எனக்குன்னு தேடி, பாட்டு அனுப்பறான்னு நெனச்சேன்."

பட்டறைக்காரர் புதுப் பூட்டு வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். அவள் எழுந்து அவருக்கு வழிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் நான் யாரிடமும் யோசனை கேட்காமல், நாத்தனாரிடம் போனில் வழி மட்டும் கேட்டுக்கொண்டு மல்லேஸ்வரத்துக்குப் போனேன். பொய் சொல்லத்தான் போனேன். வழி முழுக்க மெட்ரோவில் மனப்பாடம் செய்தேன். 'எனக்கு மனசு சரியில்லைங்க. நானே கற்பனை பண்ணிப் பேசிட்டேன். அவ அப்படி ஒண்ணும் செய்யல.' என்னைப் பைத்தியம் என்று நம்பிவிட்டால் போதும் என்று நினைத்தேன். நம்புவதற்கு நிறைய இருக்கிறதே.

நாத்தனார் ஐம்பது வயசு இருப்பார். மெலிந்த உடம்பு. உட்காரச் சொல்லி காபி கொடுத்தார். குழந்தை பாட்டு கிளாஸுக்குப் போயிருந்தது. நான் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். அவர் டபராவைக் கீழே வைத்தார்.

"எங்க பாப்பா மேல ஆணையா சொல்லு. அவ மாத்திரை சாப்பிடலைன்னு சொல்லு. நான் இப்பவே தம்பிகிட்டப் பேசறேன்."

எத்தனை வயசானாலும் ஒரு குழந்தை மேல் பொய்ச் சத்தியம் செய்ய என்னால் ஆகாது. ஏதாவது ஆகிவிட்டால்? அப்படியும் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

அவர் கோபப்படவில்லை. எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் அவளுக்குக் கெட்டது நெனைக்கறவ இல்லம்மா. இந்தப் பிள்ளைய ஸ்கூல் வேன்ல ஏத்திவிட்டா, எறங்கற வரைக்கும் எனக்கு ஒடம்பு ஒடம்பா இருக்காது. அஞ்சு நிமிஷம் லேட்டானா தெருக்கோடிக்கு ஓடுவேன். எங்க வீட்டுல சிரிப்பாங்க. அப்படிப்பட்ட நான், இது தெரிஞ்சப்புறம் எப்படிம்மா அவகிட்ட அனுப்புவேன்? உனக்குப் புரியும். நீயும் என்னை மாதிரிதான்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவளைக் கொஞ்சம் பாத்துக்கோ. ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சா எனக்கு ஒரு போன் போடு."

எனக்கு நன்றாகப் புரிந்தது, அதுதான் கொடுமை. அவர் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் நான் பேசக்கூடியது. எதிரி என்று நினைத்துக்கொண்டு போன வீட்டில் என்னையே பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். சரி என்றுதான் ஆட்டினேன். அதை இங்கே மறைக்கக் கூடாது.

ஜூன் வந்தது. குழந்தை மல்லேஸ்வரத்திலேயே இருந்தது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, பகல் ரெண்டு மணி நேரம், நாத்தனார் கூடவே உட்கார்ந்திருக்க, டீச்சர் குழந்தையைப் பார்க்கலாம் என்று ஆயிற்று. இப்போதைக்கு அப்படி, மேலே கேஸ் நடக்கும். அடுகோடியில் அவளால் தெருவில் நடக்க முடியவில்லை. மாடியிலும் கீழேயும் எல்லோரும் இரக்கமாகப் பார்த்தார்கள். வீட்டுக்காரம்மா தினம் ஒரு சாக்கு சொல்லி மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். நான் ஆறரைக்குப் பாட்டு அனுப்புவதை நிறுத்திவிட்டேன். நிறுத்தச் சொல்லி அவள் சொல்லவில்லை. எந்த முகத்தோடு அனுப்புவது?

ஒருநாள் கடைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த அனுபவச் சான்றிதழ், ஒரே ஒரு பக்கம். ரெண்டு காப்பி கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

"வேற எடம் பாத்துட்டேன்க்கா. வேற ஸ்கூல். எங்கேன்னு உன்கிட்ட சொல்ல மாட்டேன்."

"வேண்டாம் டீச்சர்."

"கோவத்துல சொல்லல. சொன்னா நீ யாருக்காவது சொல்லிடுவ. உன்னால முடியாது. எனக்குத் தெரியும்." காகிதத்தை உறையில் போட்டாள். "நான் ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமைய விட்டா அடுத்ததுக்குப் பதினாலு நாள் இருக்கு. அதை எண்ணவே நேரம் சரியா இருக்கு." வாசல் வரை போனவள் திரும்பினாள். "பாட்டெல்லாம் நெஜமாவே நல்லா இருந்துச்சு. அதுக்கு மட்டும் தேங்க்ஸ்." நம்பரையும் மாற்றிவிட்டாள்.

அதற்கப்புறம் அவளைப் பற்றிய சேதி எனக்கு ஒரே ஒரு வழியில்தான் வந்தது. டீச்சர் வந்துபோகிற ஞாயிறு சாயங்காலம் நாத்தனார் போன் போடுவார். முதல் ரெண்டு தடவை பாய்ந்து எடுத்தேன். இளைச்சுட்டாம்மா என்றார். பாப்பாவுக்குக் கதை சொன்னா, சிரிச்சா என்றார். எனக்கு அது சோறு தண்ணி மாதிரி இருந்தது. ரெண்டாவது தடவை, "உன்கிட்ட ஏதாவது பேசினாளா? அந்தப் பழைய விஷயத்தைப் பத்தி நீ சொன்னதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தா வக்கீல்கிட்ட வெச்சுக்கலாம்" என்றார். பிள்ளையோட நல்லதுக்குத்தானே என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதை நம்பித்தான் கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மூன்றாவது தடவையிலிருந்து எடுக்கவில்லை. பிறந்ததிலிருந்து நான் ஒரு போன் அடித்து எடுக்காமல் விட்டதில்லை. எடுத்தால் பேசிவிடுவேன், பேசினால் எதையாவது சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். சமையல் மேடை மேல் போன் அடிக்கும். 'டீச்சர் பாப்பா வீடு' என்று வெளிச்சம் வரும். அம்மா, "யாருடி, எடேன்" என்பார். நான் கையைக் கட்டிக்கொண்டு அது ஓய்கிறவரை நிற்பேன். அந்த நம்பரைத் தடுத்து வைத்திருக்கலாம். மனசு வரவில்லை. அது அடிக்கிறது என்றால் டீச்சர் இன்றைக்கு வந்துவிட்டுப் போயிருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள் என்று எடுத்துக்கொள்வேன். ஏதாவது ஆகியிருந்தால் அவர் ஒரு தடவை அடித்துவிட்டு விடமாட்டார், விடாமல் அடிப்பார். நானாக இருந்தால் அப்படித்தான் அடிப்பேன்.

நேற்றோடு, டீச்சர் வர வேண்டிய மூன்று ஞாயிறாக அது அடிக்கவில்லை. அவர் அலுத்துப்போயிருக்கலாம். ஊருக்குப் போயிருக்கலாம். நேற்றும் விளக்கு வைத்ததிலிருந்து போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெயரை எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் மேலேயே இருந்தது. நான் கூப்பிடவில்லை. இதுவரைக்கும் கூப்பிடவில்லை.